காலண்டரில் இல்லாத பசு

அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா இருந்தார், கூடத்தில் நாற்காலி போட்டு. வீட்டில் இருந்த நாற்காலி அது ஒன்றுதான். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா இருந்தாள். அப்பா இருந்தார், தூணில் சாய்ந்துகொண்டு. அம்மா இருந்தாள், அடுப்பங்கரை வாசற்படியில். சித்தப்பா இருந்தார். அவர் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. அவரைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்த சித்தி இருந்தாள், நெல் குதிருக்குப் பின்னால் பாதி மறைந்து. என் தம்பி இருந்தான். நான் இருந்தேன். எல்லோருக்கும் நடுவில் பாய் போட்டு, வல்லம் பக்கத்திலிருந்து வந்த மை போடுகிறவர் இருந்தார்.

மை போடுவது இப்போது பலருக்குத் தெரியாது. வீட்டில் களவு போனால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வெற்றிலையில் கறுப்பு மை தடவி, வீட்டுத் தலைச்சன் பிள்ளையைப் பார்க்கச் சொல்வார். மைக்குள் திருடன் முகம் தெரியும் என்பார்கள்.

எங்கள் வீட்டில் களவு போனது நகை இல்லை. நெல் இல்லை. ஆடு மாடு இல்லை. படங்கள்.

எங்கள் ஊர் விழுப்புரத்திலிருந்து கெடார் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் சொந்த நிலத்தில் போட்டோம். நயா பைசா வந்த புதிது அது. நான் ஐந்தாவது வரை படித்தேன், அதோடு சரி. எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். எனக்கு வந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் போனது பசு. மல்லாட்டை மண்டிக்காரர் வருசா வருசம் ஒரு காலண்டர் கொடுப்பார். அந்த வருசம் கிருஷ்ணர் படம். ஒரு காலை மடித்து, பசுவின் மேல் சாய்ந்துகொண்டு குழல் ஊதுகிற கிருஷ்ணர். ஒருநாள் காலையில் பார்த்தால் கிருஷ்ணர் இருந்தார், பசு இல்லை. கொம்பு, காது, வால் எல்லாம் பிசகாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். பசு நின்ற இடத்தில் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது. கிருஷ்ணர் காற்றில் சாய்ந்துகொண்டு ஊதிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா என்னைத்தான் முதலில் அடித்தார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிறது நான் ஒருத்தி. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று அவர் கணக்கு. நான் இல்லை என்றேன். இன்னொன்று விழுந்தது.

அடுத்தது பெரியம்மாவின் சோப்புத் தாள். வாசனை சோப்பு வாங்கினால் அந்தத் தாளைப் பெரியம்மா தூக்கி எறிய மாட்டாள். டிரங்குப் பெட்டியில் புடவை மடிப்புக்குள் வைப்பாள். அதில் ஒரு பெண் குளித்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணைக் காணோம். பிறகு அப்பாவின் தீப்பெட்டி மேலே இருந்த குடம் படம். பிறகு மண்டி நோட்டீஸில் இருந்த மல்லாட்டைக் கொத்து. பிறகு தலைவலித் தைலம் சுற்றி வந்த தாள். அதில் ஒரு ஆள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பான்.

இவ்வளவு போன பிறகு வீட்டில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அப்பாவுக்கு ஏர் ஓட்ட வருகிற ஆளின் மேல் சந்தேகம். "அவன் பொண்டாட்டிதான் சாணி அள்ள வந்து உள்ள எட்டிப் பாக்கறா" என்றார். பெரியம்மாவுக்கு என் மேல் சந்தேகம் தீரவில்லை. நான் பாவாடையை உதறிக் காட்டிவிட்டுத்தான் சோறு தின்ன உட்கார வேண்டும். பெரியப்பாவுக்கு ஊர்மேலேயே சந்தேகம்.

அம்மா மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள். ஒருநாள் அம்மி அரைக்கும்போது பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இவ வந்ததுக்கு அப்புறந்தான் எல்லாம் போவுது, கவனிச்சீங்களா?"

"எவ?"

"எவளா? திண்டிவனத்தா."

திண்டிவனம் சித்தி பிறந்த ஊர். பெரியம்மா குழவியை நிறுத்திவிட்டாள்.

அம்மாவுக்கு வேறு காரணம் இருந்தது. அது என் தம்பி.

அவனுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். பேசமாட்டான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். கண்ணைப் பார்க்கமாட்டான். ஒரு பித்தளைச் சொம்பு வைத்திருப்பான். அதன் விளிம்பை நகத்தால் தட்டித் தட்டி காதில் வைத்துக் கேட்பான். அது கையில் இருந்தால் நாள் முழுக்க ஒரு இடத்தில் இருப்பான். சில நேரம் காரணம் தெரியாமல் சுவரில் தலையை மோதுவான். பிடித்தால் கடிப்பான். காத்துக் கருப்பு சேர்ந்திருக்கிறது என்று இரண்டு தடவை மஞ்சள் கிழங்கைச் சுட்டு வயிற்றில் சூடு போட்டிருந்தார்கள். தழும்பு இருந்தது. இப்போது அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். அப்போது எங்களுக்குத் தெரிந்த பெயர்கள் வேறு. அவற்றை எழுத வேண்டாம்.

சித்தி அவனை முதன்முதலில் பார்த்தபோது, எல்லோரும் கேட்பதுபோல "இவனுக்கு இன்னா?" என்று கேட்கவில்லை. "இன்னா சாப்புடுவான்?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அப்போதே சுருக்கென்றது. கேட்க வேண்டியதைக் கேட்காதவளை எப்படி நம்புவது?

பத்துப் பதினைந்து நாளில் தம்பி சித்தி பின்னால் போக ஆரம்பித்தான். அவள் மாட்டுக் கொட்டகைக்குப் போனால் இவனும் போவான். அவள் வைக்கோல் பிடுங்கினால் இவன் பக்கத்தில் குந்துவான். முன்பு போல அடிக்கடி தலையை மோதுவதில்லை. அது நல்லதுதானே என்று இப்போது தோன்றும். அம்மாவுக்கு அது தாங்கவில்லை.

"பெத்தவ நான், தொண்ட கிழிய கூப்டா திரும்பமாட்டான். நேத்து வந்தவ வாயே தொறக்கல, பின்னாலயே போய்க்கினு கிறான். இது எப்டி? நீங்களே சொல்லுங்க. வசியம் இல்லாம எப்டி?"

பெரியம்மா ஆமாம் என்றாள். பெரியம்மா எதற்கும் ஆமாம் என்பாள்.

ஒருநாள் நானும் பார்த்தேன். கொட்டகையில் வைக்கோல் போருக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டையாக ஏதோ கிடந்தது. தம்பி அதன்மேல் விரலை வைத்தான். சித்தி உடனே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாள். நான் கிட்டே போனதும் முந்தானையைப் போட்டு மூடிவிட்டாள். எனக்கும் சந்தேகம் வந்தது. எனக்கு வெல்லம் கொடுக்காததும் அதில் சேர்த்தி.

சித்தி தண்ணீருக்குப் போன நேரத்தில் அம்மாவும் பெரியம்மாவும் அவள் தகரப்பெட்டியைத் திறந்தார்கள். நான் வாசலில் காவல். பெட்டியில் இரண்டு புடவை, ஒரு கண்ணாடி, ஒரு சின்னக் கத்தரிக்கோல். அடியில் துணியில் சுற்றி ஒரு மெழுகு உருண்டை, பாதி உருகின மெழுகுவத்தித் துண்டுகள்.

பெரியம்மா பெட்டியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். "மெழுகுவத்தி யாரு வூட்ல இருக்கும்? மாதா கோயில்ல கொளுத்தற வேதக்காரங்க வூட்ல இருக்கும். இல்லாட்டி மெழுகுல பொம்ம புடிச்சி ஊசி குத்தறவன் வூட்ல இருக்கும். இவ வேதக்காரியா?"

"இல்ல."

"அப்போ?"

அம்மா உருண்டையைப் பழையபடி சுற்றி வைத்தாள். மாடு படம் போனது மாட்டுக்குச் சூனியம் வைக்க. குடம் போனது கிணற்றுக்கு. மல்லாட்டை போனது பயிருக்கு. தலையைப் பிடித்துக்கொண்டு இருந்த ஆள் யாருக்கு என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரியப்பா காதுக்கு விசயம் போனது. அவர் வல்லத்துக்கு ஆள் அனுப்பினார்.

மை போடுகிறவர் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். காபி குடித்தார். எங்கே எதை வைப்பது என்று பார்த்தார். பிறகு ஒரு சொம்பு கேட்டார். பெரியம்மா கையில் கிடைத்ததைக் கொண்டுவந்தாள். அவர் அதில் தண்ணீர் ஊற்றி, கழுத்துக்கு மஞ்சள் நூல் சுற்றி, மாவிலை செருகி, மேலே தேங்காய் வைத்தார். சாம்பிராணி போட்டார்கள். கூடம் புகைந்தது.

"தலைச்சன் யாரு?"

"இவதான் சாமி" என்றார் அப்பா.

"பாப்பா, இங்க வா. குந்து. கண்ணு இமைக்காம பாரு. மொதல்ல ஒருத்தன் தொடப்பம் எடுத்துகினு வருவான். பெருக்குவான். வர்றானா?"

வெற்றிலையைப் பார்த்தேன். மை பளபளவென்று இருந்தது. என் மூக்கு பெரிதாகத் தெரிந்தது.

"வர்ல."

"நல்லா பாரு."

பெரியப்பா இருமினார்.

"வர்றான்" என்றேன்.

"பெருக்கறானா?"

"பெருக்கறான்."

"பின்னால ஒருத்தன் தண்ணி தெளிப்பான்."

"தெளிக்கிறான்."

"ஒரு நாற்காலி கொண்டாந்து போடுவாங்க. போட்டாங்களா?"

"போட்டாங்க."

"யாரு வந்து குந்தறாங்க?"

நாற்காலி என்றால் எனக்குத் தெரிந்தது ஒருவர்தான். "பெரியப்பா" என்றேன்.

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் செய்தார். பெரியப்பா முகம் கறுத்தது. ஆஞ்சநேயர் வந்து உட்கார வேண்டிய இடமாம் அது. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"கொழந்தைக்குக் கண்ணு கட்டுது" என்றார் மை போடுகிறவர். "இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போடுங்கம்மா."

அந்த நேரத்தில்தான் தம்பி ஆரம்பித்தான். முதலில் கூடத்தின் மூலைகளில் ஓடினான். உரல் கிட்டே போய்ப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். பிறகு கத்தினான். சாதாரணக் கத்தல் இல்லை. கழுத்து நரம்பு புடைக்கிற கத்தல். தூணில் தலையை மோதினான். அப்பா ஓடிப்போய்ப் பிடித்தார். அப்பா கையைக் கடித்தான்.

மை போடுகிறவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். என்னைவிட இது அவருக்குத் தோதாக இருந்தது.

"பெரியவரே, இது வெறும் களவு விசயம் இல்ல. புள்ள மேல ஏவி வுட்ருக்காங்க. படத்த எடுத்தவங்களும் ஏவினவங்களும் ஒண்ணுதான். ஒரு சூடு போட்டா அதுவே பேரு சொல்லும்."

"அது பேசாதே சாமி" என்றார் அப்பா.

"பேச வைக்கலாம். மஞ்சக் கெழங்கு எடுத்துகினு வாங்க, ஜல்தி."

பெரியம்மா எடுத்து வந்தாள். அவர் அதைச் சாம்பிராணித் தணலில் செருகினார். அப்பா தம்பியின் தோளைப் பிடித்தார். சித்தப்பா காலைப் பிடித்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மஞ்சள் கருகுகிற வாசனை வந்தது. இன்றைக்கும் சமையலில் அந்த வாசனை வந்தால் நான் வெளியே போய்விடுவேன்.

"வேணாம் மாமா."

சொன்னது சித்தி. பெரியப்பாவுக்கு எதிரே அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. பெரியப்பாவே யார் பேசியது என்று சுற்றிப் பார்த்தார். அதற்குள் சித்தி கொல்லைக் கதவைத் தாண்டி ஓடினாள். திரும்பி வந்தபோது தலையில் வைக்கோல் இருந்தது. கையில் ஒரு பலகை இருந்தது.

டீத்தூள் மரப்பெட்டியிலிருந்து எடுத்த பலகை. ஒரு முழம் நீளம் இருக்கும். சித்தி தம்பிக்கு எதிரே குந்தினாள். பலகையை மடியில் நிமிர்த்தினாள். அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பவில்லை. கத்தாதே என்று சொல்லவில்லை. "இன்னா வேணும்? காட்டு" என்றாள். சாதாரணமாக, சோறு வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

தம்பி கத்திக்கொண்டே பலகையைப் பார்த்தான். ஒரு கையை உதறி எடுத்து, ஒரு படத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினான். தீப்பெட்டிக் குடம்.

"தண்ணி கேக்குது" என்றாள் பெரியம்மா.

"தண்ணிக்கு வேற படம், பெரியக்கா. இது அவன் சொம்பு."

சித்தி எழுந்தாள். மை போடுகிறவருக்கு முன்னால் இருந்த தேங்காயை எடுத்துப் பாயில் வைத்தாள். மாவிலையை எடுத்தாள். நூலை அவிழ்த்தாள். மந்திரம் போட்ட தண்ணீரை முற்றத்தில் ஊற்றினாள். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அது தம்பியின் சொம்பு. பெரியம்மா கையில் கிடைத்ததைக் கொண்டு வந்தாளே, அது.

தம்பி கையில் கொடுத்தாள். அவன் வாங்கினான். விளிம்பைத் தட்டினான். காதில் வைத்தான். கத்தல் நின்றது. கூடத்தில் அந்தச் சத்தம் மட்டும், டிங், டிங் என்று.

அப்பாதான் முதலில் கையை எடுத்தார்.

பெரியம்மா பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தாள். "ஐய, என் சோப்புத் தாளு!"

"இது மண்டி நோட்டீசு" என்றார் அப்பா.

கிருஷ்ணரின் பசு மேல்வரிசையில் நின்றுகொண்டிருந்தது. தைலத்துக்காரன் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். எல்லாம் மைதா பசையில் ஒட்டி, மேலே மெழுகைத் தேய்த்து, சூடான கரண்டியின் அடியால் நீவியிருந்தது. தம்பி எதையும் நக்கிப் பார்ப்பான். மெழுகு இல்லாவிட்டால் படம் ஒரு நாள் தாங்காது. பாய், குடை, செருப்பு இதெல்லாம் சித்தியே கரியால் வரைந்தது. கடைசிக் கட்டத்தில் படம் இல்லை. முழுக்கக் கறுப்பு.

"நாந்தான் எடுத்தேன்" என்றாள் சித்தி. "எல்லாம் நாந்தான்."

மை போடுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா? மை பொய் சொல்லாது. திருடிய இழுத்தாந்து நடுக்கூடத்துல நிறுத்திச்சா இல்லையா?" அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. திருடி அகப்பட்டுத்தான் இருந்தாள். அவர் விபூதியை எடுத்துத் தம்பி நெற்றியில் வைக்க வந்தார். பெரியப்பா "வச்சிக்கோடா" என்று அதட்டினார். தம்பி பலகையின் கறுப்புக் கட்டத்தில் விரலை வைத்தான்.

"அது இன்னா?" என்றார் பெரியப்பா.

சித்தி தயங்கினாள். "வேணாம்னு சொல்றான் மாமா."

எங்கள் வீட்டில் பெரியப்பா அதட்டியும் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் என் தம்பிதான்.

மை போடுகிறவர் தட்சணை வாங்கிக்கொண்டு, தேங்காயையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் பெரியப்பா ஆரம்பித்தார். சொம்பு கேட்டது சரி. சூடு போடாமல் போனது சரி. ஆனால் இது என்ன வேலை? பேசாத பிள்ளையோடு பேசுகிற பொம்பளை யார்? இது எந்த மலையாளத்து வித்தை?

"ஒனக்கு இத்த யாரு சொல்லிக் குடுத்தது?"

சித்தி தலையில் இருந்த வைக்கோலை எடுத்தாள்.

"கேக்கறேன் இல்ல? நல்ல வேலைன்னா எதுக்குக் கொட்டாயில ஒளிச்சி வைக்கணும்? எங்கள்ட்ட கேட்டு வாங்கி ஒட்டக்கூடாதா? யாரு கத்துக் குடுத்தது, சொல்லு."

சித்தி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். சொல்லாவிட்டால் சூனியக்காரி. அது எனக்கே விளங்கியது. சொன்னால் என்ன ஆகும் என்றுதான் விளங்கவில்லை. பெயர் சொல்லிவிட்டுப் போவதுதானே என்று நினைத்தேன்.

அம்மா நடுவில் வந்தாள். சித்தியைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். தைலத்துக்காரன் மேல் விரலை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"தலைய வலிச்சா அத்த தொடுவான் அக்கா."

"அவனுக்குத் தலைய வலிக்குதா?"

"வெயில் ஏறினா வலிக்குது. பொகை போட்டாலும் வலிக்குது. இத்த தொட்டான்னா இருட்டுல குந்த வச்சி ஈரத்துணி கட்டுவேன். கொஞ்ச நேரத்துல வுட்டுடும்."

அம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டை போடவில்லை. வயிற்றில் இரண்டு தழும்பு. இரண்டும் அவன் தலையை மோதிய நாளில் போட்டது. அம்மா தழும்பைத் தொடப் போனாள். தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நிறைய நேரம் அந்தத் தைலத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டதுக்குப் பதில் வர்ல" என்றார் பெரியப்பா.

அப்போது சித்தி சொன்னாள். தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கல மாமா. எனக்கு ஒரு தம்பி கிறான். இவனாட்டமேதான். பேசமாட்டான். எங்க அப்பா மளிகைக் கடைல பிஸ்கட் டின்னு இருக்கும் இல்ல, பிஸ்கட் வேணும்னா டின்னு மேல ஒட்டின தாள கிழிச்சாந்து என் கையில குடுப்பான். சோப்பு தாள குடுத்தா குளிக்கணும்னு. அத்த பாத்துத்தான் ஒண்ணொண்ணா பலகைல ஒட்டினேன். அவன் கேட்டதத்தான் நான் ஒட்டினேன். வேற ஒரு வித்தையும் எனக்குத் தெரியாது."

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"தம்பியா? ஒனக்கு ஏது தம்பி? அப்போ இத்த மறைச்சிட்டுத்தான் பொண்ணு குடுத்தாரா ஒங்கப்பன்? நாளைக்கு நம்ம வூட்ல பொறக்கறதும் இப்படிப் பொறந்தா? ஏமாத்தி கட்டி வச்சிட்டானே! டேய்!" என்று சித்தப்பா பக்கம் திரும்பினார். "காலைல மொத பஸ்ஸு. இவள கூட்டிக்கினு போய் திண்டிவனத்துல வுட்டுட்டு வா. பொட்டியோட."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா "சரிண்ணா" என்றார். அன்று முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

சித்தி அழவில்லை. தம்பி பக்கத்தில் இருந்த பலகையை எடுத்து, முந்தானையால் துடைத்து, அம்மா முன்னால் தள்ளினாள். "கறுப்ப தொட்டா வற்புறுத்தாதீங்க அக்கா" என்றாள். பெட்டி கட்ட உள்ளே போகத் திரும்பினாள்.

"இரு" என்றாள் அம்மா.

சித்தி நின்றாள்.

அம்மா கீழேயே உட்கார்ந்திருந்தாள். "கல்யாணத்தன்னிக்கி ஒன் தம்பி எங்க இருந்தான்?"

"கடை உள்ளாரக்கா. மூட்டைங்க நடுவுல. மேளம் கேட்டா கத்துவான்னு அப்பா வெளிய பூட்டிட்டு வந்தாரு."

"எத்தினி பசங்கன்னு யார்னா கேட்டாங்களா?"

"பெரிய மாமா கேட்டாரு. நான் ஒருத்திதான்னு அப்பா சொன்னாரு."

அம்மா தலையை நிமிர்த்திப் பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் எதிரே நின்று பேசாதவள். அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போகிறவள். அன்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தூணைப் பார்த்தார். பெரியம்மா ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்து, எதற்கு ஆமாம் என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது.

மறுநாள் முதல் பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சித்தி அந்த வீட்டிலேயே இருந்தாள், சாகிற வரைக்கும். அம்மா அவளிடம் மெழுகு நீவக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை கரண்டி சூடு அதிகமாகி ஒரு படம் கருகிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெரியப்பா ஏன் எழுந்து போனார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அம்மா கண்ணில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று நினைத்தேன். அப்பாவைக் கேட்டேன். போய்த் தண்ணீர் எடுத்து வா என்றார்.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். விழுப்புரம் வரை வண்டி கட்டிப் போய், அங்கிருந்து ரயிலில் திண்டிவனம் போனோம். பந்தியில் சித்தியின் அப்பா எங்கள் அப்பாவைக் கேட்டார், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று. அப்பா என் தலையில் கை வைத்து, இது ஒண்ணுதாங்க என்றார். பக்கத்தில் பெரியப்பா இருந்தார். எனக்கு ஒரே சந்தோசம். இன்னொரு லட்டு வைத்தார்கள். பெண்ணைக் கொண்டுவந்து விட அவர்கள் ஆட்களும் எங்களோடு ஊருக்கு வந்து தங்கினார்கள். அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் மல்லாட்டை அறையைத் திறந்தார்கள். பூட்டுச் சாவி பெரியப்பா இடுப்பில் இருந்தது. தம்பி எப்போதும் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கிறவன்தானே என்று எனக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை.

அந்தக் கல்யாணத்தன்று இரண்டு ஊரிலும் சேர்த்துப் பூட்டி வைத்த பிள்ளைகள் இரண்டு.